கொக்கிக்கு வைத்த பொட்டு

எனக்கு உயரம் என்றால் பைத்தியம். மாதா கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் வந்தால், என்னை அதிலிருந்து இறக்குவதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அப்படிப்பட்டவளை, பாளையம்பட்டியைத் தாண்டி இருந்த சிமெண்ட் குழாய்க் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் ஷெட்டுக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்க்கிறேன், தலைக்கு மேலே முப்பதடி உயரத்தில் கிரேன் ஓடுகிறது.

"இதுல நான் ஏறலாமா?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏறத்தான தாயி உன்னைய வேலைக்கு எடுத்துருக்கு" என்றார் அவர்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். மேலே போய், தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தால் ஒரே கருவேலங்காடு. அதற்கு நடுவில் திருச்சுழி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. நான் காலையில் அடித்துப் பிடித்து ஏறி நின்றுகொண்டே வந்த அதே பஸ்தான், மேலிருந்து பார்த்தால் கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. கீழே நின்ற ஆட்கள் புதுசா வந்த புள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. மதுரையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருந்தேன். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது கம்பெனியின் பேச்சு. எங்கள் அப்பாவின் பேச்சு வேறு. "ஆறு மாசம் பாப்போம். நிரந்தரம் பண்ணலைன்னா பேசாம வீட்டுக்கு வந்துரு. நரிக்குடியில மாமன் மகன் காத்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். மாமன் மகன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. தங்கமான மனுஷன். ஆனால் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கே பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்கிற ஆள். அவரோடு காலம் முழுக்கத் தரையிலேயே நிற்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

எனக்குக் கொடுத்த வேலையைக் கேளுங்கள். கிரேனின் ஆட்டத்தை அடக்கும் புதுப் பொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் என்றால் உயிரை விடுகிறவளிடம் ஆட்டத்தை அடக்கு என்றார்கள்!

கிரேன் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். கிரேன் நின்றுவிடும், வடத்தில் தொங்கும் குழாய் நிற்காது. ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். பக்கத்தில் அடுக்கி வைத்த குழாயில் போய் முட்டினால் வாய் உடைந்துவிடும். வாய் உடைந்த குழாயைப் பூமிக்குள் பதித்தால் இணைப்பில் தண்ணீர் ஒழுகும். எங்கள் ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், அதுவும் வழியில் ஒழுகிவிட்டால் என்ன ஆவது? அதனால் வாங்க வரும் அதிகாரிகள் ஒவ்வொரு குழாயின் வாயையும் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

பொட்டி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. மாட்டிக் கொடுக்க வந்தவர் பத்து நாள் தங்கி, கிரேன் ஓட்டுவது வரைக்கும் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மேலே, வடம் இறங்குகிற டிராலியின் அடிப்பக்கம் ஒரு கண். கீழே கொக்கிக் கட்டையின் தலையில் பளபளவென்று ஒரு வட்டத் தட்டு, நம் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு இருக்கும். கண் ஒரு வெளிச்சத்தை அடிக்கும், அது நமக்குத் தெரியாது. தட்டு அதைத் திருப்பி அனுப்பும். தட்டு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று கண் பார்த்துச் சொன்னதும் பொட்டி மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, ஆட்டத்தை அப்படியே அமுக்கிவிடும்.

முதல் சோதனைக்கு ஒரு டிரம்மில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பித் தூக்கினோம். ஷெட்டின் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்கு வந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஐயோ, அன்றைக்கு நான் போட்ட ஆட்டம்! கைதட்டிக்கொண்டே டிரம்முக்குப் பக்கத்திலேயே ஓடிவந்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "லோடுக்குப் பக்கத்துல ஓடாத தாயி, விழுந்தா உன்னைய அள்ளித்தான் எடுக்கணும்!" என்று கத்தினார். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் கிரேன் ஆபரேட்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பொட்டி வருவதற்கு முன்னால் ஆட்டத்தை அடக்கியதெல்லாம் அவருடைய கைதான். குழாய் முன்னால் ஆடும்போது டிராலியையும் அதன் பின்னாலேயே விட்டு, சரியாக அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவார். குழாய் அசையாமல் நிற்கும். ஆட்டத்தைப் பிடிக்கிறது என்று அதற்குப் பேர். அவர் பிடிப்பதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் டீயை ஆறவிட்டு நிற்பார்கள்.

இப்போது என்ன ஆயிற்று என்றால், பொட்டியும் பிடித்தது, அவரும் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆட்டத்தைப் பிடித்தால் ஆட்டம் இரண்டு மடங்காகும். குழாய் பேயாட்டம் ஆடியது.

"கையை எடுங்கண்ணே!" என்று கீழே இருந்து தொண்டை கிழியக் கத்துவேன்.

"எடுத்துட்டேன் இஞ்சினியரம்மா!"

"எடுக்கல! அந்தா கை போகுது பாருங்க!"

"அதுவாப் போகுதும்மா, நான் என்ன செய்ய?"

உண்மைதான், அவர் கை அதுவாகத்தான் போனது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிரேனை நிறுத்தியதும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். மேலே கேபினுக்குள் முறுக்கு மீசைக்காரர் ஒருவர், தன் கைமேல் தானே உட்கார்ந்துகொண்டு உம்மென்று பார்க்கும் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னால் அடக்க முடியாது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார். குழாய்கள் பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கின.

அப்புறம் ஆயுத பூசை வந்தது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்தான் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்க வேண்டும். வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் கூடாது, அதுவாக உதிர வேண்டும். மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க வேதக்காரவுகளாச்சே தாயி, மாதா கோயிலுக்குப் போறவுக, இதெல்லாம் வைப்பியா?" என்று தயங்கினார்.

"குடுங்க மேஸ்திரி! ஊருக்குள்ள பொங்கலுக்கு எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கே பொட்டு வைப்பேன், கிரேனுக்கு வைக்க மாட்டேனா?" என்றேன்.

வைத்தேன் பாருங்கள். மோட்டார், ஸ்விட்ச் போர்டு, மணல் சலிக்கிற சல்லடை, தண்ணீர்ப் பம்பு, மேனேஜர் ஸ்கூட்டர், ஒன்றையும் விடவில்லை. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை ஆண்பிள்ளைகள் நிற்கிற ஷெட்டில் என்னைக் கூப்பிட்டு, நீ வை என்கிறார்கள்! கிரேன் கொக்கியை என் தோள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கொக்கிக் கட்டையின் தலையில் அந்த வட்டத் தட்டு மினுமினுவென்று இருந்தது. என் கண்ணுக்கு அந்த ஷெட்டிலேயே அழகான சாமான் அதுதான். அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? மூன்று விரலால் சந்தனத்தை வழித்து, எட்டிய பக்கமாகத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மேலே கேபினிலிருந்து ஆபரேட்டர் எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு பொட்டு இல்லையா?" என்றார். "நீங்க இயந்திரமாண்ணே?" என்று கேட்டேன். ஷெட்டே சிரித்தது.

இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்தோம். முதல் குழாயைத் தூக்கினார்கள். கிரேன் நின்றது. ஆனால் டிராலி நிற்கவில்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி தானாகக் கிழக்குப் பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்தது. "ஏலே, கிரேனு டீக்கடைக்குப் போகுதுலே!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த நிமிஷம் அடுக்கில் குழாய் முட்டி, வாய் உடைந்து, சில்லு என் காலடியில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே இன்னொன்று உடைந்தது. மறுநாளும் உடைந்தது. மேனேஜர் வந்து பார்த்தார். எதையும் மெதுவாகச் சொல்கிற ஆள், அதனால்தான் அவரைக் கண்டால் பயம். "வெள்ளிக்கிழமை குழாய் எடுக்க அதிகாரிக வாராக. அவுக முன்னால ஒரு குழாய் உடைஞ்சாலும் பொட்டியைக் கழட்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிருவேன். பொட்டி இல்லைன்னா அதைப் பார்த்துக்கிற ஆளும் தேவைப்படாதுல்லம்மா" என்றார்.

எனக்குக் காதில் நரிக்குடி பஸ் ஹாரன் கேட்டது.

நான் செய்யாத வேலை இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேலே ஏறி, டிராலிக்கு அடியில் தலைகீழாகத் தொங்காத குறையாகக் குனிந்து, கண்ணின் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தேன். வயரை எல்லாம் கழற்றி மாட்டினேன். பாளையம்பட்டி முக்கில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடிக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "கண் சுத்தமா இருக்காம்மா?" என்று கேட்டார் பொட்டி மாட்டிக் கொடுத்தவர். "துடைச்சு துடைச்சுத் தேஞ்சே போச்சு சார்" என்றேன். "அப்ப ஆபரேட்டர் கையைப் பாரும்மா. பழைய ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்றார்.

போதாதா எனக்கு? வந்ததே கோபம். டீ குடிக்கிற நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் போய் நின்றேன்.

"ஏண்ணே, உங்க பேரு போயிரும்னு பொறாமையில தானே கையை வைக்கிறீங்க? நேருக்கு நேரா சொல்லுங்க!"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கைப்பிடியைத் தொடவே இல்லைம்மா. கைமேலதான் உக்காந்துருக்கேன்."

"பொய்! கிரேனுக்கு என்ன, டீக்கடைக்குப் போகணும்னு அதுக்கே ஆசை வந்துருச்சா?"

மேஸ்திரி, "விடு தாயி" என்றார். நான் விடுகிற ஆளா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எழுத முடியாததும் அதில் உண்டு. அவர் மீசையைக்கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பொட்டி சரியில்லையா, ஆள் சரியில்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபரேட்டர் சொன்னார்:

"பொட்டிமேல தப்பு இல்லை சார். என் கைதான். பழக்கதோசம், அடங்க மாட்டேங்குது."

"அப்ப நாளையிலருந்து நீ மேலே ஏற வேண்டாம். வெளியே மணல் லோடு இறக்கிற இடத்துல நில்லு" என்றார் மேனேஜர். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு ஓட்டத் தெரியும்ல? நாளைக்கு நீயே ஓட்டிக் காட்டு" என்றார்.

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நான் சொன்னதுதானே உண்மை! அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் கருப்பட்டி மிட்டாய் வாங்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "என்ன விசேசம்?" என்று கேட்ட ஒரு அக்காவிடம், "நாளைக்கு நான் கிரேன் ஓட்டப் போறேன்" என்றேன். அந்த அக்கா மிட்டாயை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை. அதிகாரிகள் மூன்று பேர், மேனேஜர், மேஸ்திரி எல்லோரும் கீழே நின்றார்கள். நான் கேபினில் உட்கார்ந்தேன். சீட்டில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது. குழாயைத் தூக்கினேன், ஓட்டினேன், நிறுத்தினேன். நிறுத்தியதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

டிராலி கிழக்கே நகர்ந்தது.

என் கையைப் பார்த்தேன். இரண்டும் மடியில்தான் இருந்தன. டிராலி நகர்ந்துகொண்டே இருந்தது. சட்டென்று பொத்தானை அடித்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் குழாய் ஆடிக்கொண்டு நின்றது. கீழே எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து கொக்கியைப் பார்த்தேன்.

இத்தனை நாளும் நான் தரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறினாலும் கண்ணைத்தான் பார்த்தேன். கொக்கிக் கட்டையின் தலை கேபினிலிருந்துதான் நன்றாகத் தெரியும். அங்கே, அந்த வட்டத் தட்டில் பாதியை அடைத்துக்கொண்டு, என் மூன்று விரல் தடத்தோடு, பொட்டு. மேற்குப் பாதி மூடியிருக்கிறது. கண்ணுக்குக் கிழக்குப் பாதி மட்டும் தெரிகிறது. ஐயோ பாவம், குழாய் கிழக்கே போய்விட்டதென்று நினைத்து அது துரத்திக்கொண்டே இருக்கிறது!

பொட்டு யார் கண்ணிலும் பட்டிருக்காதா என்று கேட்கலாம். ஷெட்டில் பொட்டு இல்லாத இடமே இல்லை. அதில் ஒரு பொட்டை யார் தனியாகப் பார்ப்பார்கள்? தட்டு எதற்கு என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது. அப்படியென்றால் அவர் கை அசையவே இல்லை. கைமேல் உட்கார்ந்திருந்தது நிஜம். பிறகு எதற்கு என் கைதான் சார் என்றார்?

ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு வழி இருந்தது. குழாயை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் சோதனை என்று சொல்லித் தட்டை வழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு நிரந்தரம், அவருக்கு மணல். அரை நிமிஷம் அதை நினைத்தேன். நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கேபின் ஜன்னலில் தலையை நீட்டி, ஷெட்டே அதிரக் கத்தினேன். "சார்! பொட்டு வச்சது நான்! தப்பு என் தப்பு! ஆபரேட்டர் கை சும்மாதான் இருந்துச்சு!"

அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடகடவென்று ஏணியில் இறங்கி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். அதிகாரிகளில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார், அவர் தோள் குலுங்கியது. துடைக்கத் துணியை எடுத்தபோது மேஸ்திரி என் கையைப் பிடித்தார்.

"பொட்டைத் துடைக்கக் கூடாது தாயி. எடம் மாத்தி வை."

அதையே செய்தேன். தட்டில் இருந்ததை நனைத்து வழித்துக் கொக்கிக் கட்டையின் பக்கவாட்டில் வைத்தேன். தட்டு பழையபடி மின்னியது. மேனேஜர் வெளியே ஆள் அனுப்பினார். தலையெல்லாம் மணலோடு ஆபரேட்டர் வந்தார், யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ஏணியில் ஏறினார். பன்னிரண்டு குழாய் தூக்கினார். பன்னிரண்டும் பூ மாதிரி இறங்கின. ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினார். நான் தரையில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

மேனேஜர் என்னை அனுப்பவில்லை. நிரந்தரத்தை மூன்று மாதம் தள்ளி வைத்தார். "உண்மையைச் சொன்னதுக்கு வேலை. பொட்டு வச்சதுக்கு மூணு மாசம்" என்றார். அப்பாவிடம் அந்த மூன்று மாதத்தை வாங்க நான் பட்ட பாடு தனி.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஆபரேட்டரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் என் வாய் எங்கே கேட்கும்?

"செய்யாத தப்பை எதுக்குச் செஞ்சேன்னு சொன்னீங்க? கிறுக்கா உங்களுக்கு?"

அவர் காதுக்குள் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "என்னையக் கீழ இறக்குனா கம்பெனிக்குள்ளதான் நிக்கப் போறேன். உன்னைய இறக்குனா பஸ்ஸுல ஏத்தி விட்டுருவாக. அப்புறம் கேபின்ல இருந்து நான் யாரைப் பாக்குறது?"

திருச்சுழி பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். வழக்கமாகக் கூப்பிடுகிற அந்த 'அண்ணே' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படியே முழுங்கிவிட்டேன்.